கழுத்தைத் தளர விடுகிறவன்

குஸ்தி வாத்தியாருக்கு முதலில் வேண்டியது சூடான உள்ளங்கை. கை சில்லென்று இருந்தால் பயில்வானின் உடம்பு முறுக்கிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் வீண். ஆம்பூரில் முப்பத்தொரு வருஷமாகக் கோதா நடத்துகிறேன். இதுகூடத் தெரியாத வாத்தியார்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் ஐயா இதையும் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது நம்பிக்கை. பயிற்சி முடிந்ததும் மாலிஷ், மாலிஷ் முடிந்ததும் கழுத்தில் சொடுக்கு எடுப்பது எங்கள் வழக்கம். என் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, தலையை என் கைகளில் விட்டுவிட வேண்டும். புதிதாக வந்தவன் கழுத்தை விறைத்துக்கொள்வான். தளர்த்தச் சில பேருக்கு வருஷக்கணக்காகும். காசி மூன்றாம் மாதமே தளர்த்திவிட்டான். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்துவிட்டு, கை வெந்துபோய் வருவான். அந்தக் கைகளுக்கும் பன்னிரண்டு வருஷம் நான்தான் எண்ணெய் போட்டேன்.

அவனுக்கு முன்னால் என்னிடம் தேறியவர்கள் இரண்டு பேர். வேலு மதராசுக்குப் போனான். ஜியாவுல்லா மைசூருக்குப் போனான். கிளம்பும்போது காலைத் தொட்டு அழுதார்கள். பிறகு ஒரு கடுதாசிகூட இல்லை. ஆள் போன மறுநாள் கோதா மண்ணைத் தனியாகக் கொத்திப் புரட்டுவது எப்படி இருக்கும் என்று ஐயாவுக்குத் தெரியாது. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. மண்ணில் என் கால்தடம் மட்டும் கிடக்கும். அதைப் பார்க்க எனக்குப் பயம்.

போன வாரம் காசி கேட்டான். “பெங்களூர் குளிரு உங்களுக்கு ஒத்துக்குமா வாத்தியாரே?” சும்மா பேச்சுக்குக் கேட்கிறான் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாலிஷ் நடக்கும்போது சொன்னான்:

“பெங்களூர்ல ஒரு கோதாவுக்கு வாத்தியாரா கூப்ட்றாங்க. நாளைக்கு கெளம்பணும். உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். மாலிஷ் முடியட்டும், கேக்கறேன்.”

போய் வர விடைதான் கேட்பான். எல்லோரும் கேட்டதுதானே.

“சரிப்பா, கண்ண மூடு,” என்றேன்.

மூடினான். கழுத்தைத் தளர விட்டான். தலையைத் திருப்பி வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நான் நிறுத்தவில்லை. கை தவறிவிட்டது என்று எழுத வேண்டாம். என் கை தவறாது. கடைசிவரை அவன் விறைக்கவே இல்லை, ஐயா. வேறொரு வாத்தியாரிடம் இருந்திருந்தால் விறைத்திருப்பான்.

அவன் சட்டைப் பையில் பெங்களூருக்கு இரண்டு டிக்கெட்டுகள் இருந்ததாகச் சொல்கிறீர்கள். அவனுக்குத் தாய் தகப்பன் கிடையாது, கல்யாணமும் ஆகவில்லை. யாரோ ஒரு பெண்ணாக இருக்கும். அவன் உடம்பில் ஒரு நரம்பு பிசகினாலும் எனக்குத் தெரிந்துவிடும். இதை மட்டும் என்னிடம் மறைத்துவிட்டான். சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் வண்டி ஏற்றிவிட்டிருப்பேன்.