ரெண்டாவது பிரேக்

அங்க உக்காராதீங்க சார். பக்கத்துல உக்காந்தீங்கன்னா மொத்த உடம்பையும் திருப்பித்தான் உங்க மூஞ்சியப் பாக்கணும். அந்த மூஞ்சிக்காக அவ்ளோ கஷ்டம் எனக்குத் தேவையில்ல. அந்த நாற்காலிய இழுத்து எதிர்ல போடுங்க. இன்னும் கொஞ்சம் இப்படி. ஐய, செவுத்துல இடிக்குது பாருங்க. நாற்காலியக்கூட ஒழுங்கா நிறுத்தத் தெரியாத மனுஷனுக்குக் கார் கத்துக்குடுக்க ஒத்துக்கிட்டேனே, என்னச் சொல்லணும்.

என்னது, ஆப்பிளா? கழுத்து போனவளுக்கு யாராவது ஆப்பிள் வாங்கிட்டு வருவாங்களா? ஒரு கடி கடிச்சா பின்னங்கழுத்துலேருந்து தோள்பட்டை வரைக்கும் சுருக்குன்னு இழுக்குது. வைங்க, வைங்க, திருப்பி எடுத்துட்டுப் போக வேணாம். நறுக்கித் தின்னுக்கறேன்.

நான் உக்கார மாட்டேன், நீங்க உக்காருங்க. துணி மடிச்சுக்கிட்டே பேசறேன். படுத்திருப்பேன்னு நெனச்சீங்களாக்கும்? கண்ண மூடி, வாய மூடி, நீங்க மன்னிப்புக் கேட்டுட்டுப் போறதுக்குத் தோதா கெடப்பேன்னு பாத்தீங்க. அது நடக்காது. டாக்டர் கழுத்துப் பட்டையக் கழட்டிட்டாரு. படுத்தே கெடந்தீங்கன்னா கழுத்து கட்டையாயிடும்மா, எழுந்து நடமாடுங்க, வீட்டு வேலை செய்யுங்க, கனம் மட்டும் தூக்காதீங்க, கை மரத்துப் போச்சுன்னா உடனே வந்துடுங்கன்னாரு.

அதனால நடக்கறேன். மாடிப்படி ஏறி எறங்கறேன். கடைக்கு நடந்துதான் போறேன். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கே, அதுக்கும் நடைதான். தோள உருட்டறேன், தாடைய உள்ள இழுத்து இழுத்து விடறேன், கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு மெதுவா இப்படித் திருப்பி, மெதுவா அப்படித் திருப்பி, பைத்தியக்காரி மாதிரி. எங்க வீட்டுக்காரரு பாக்கறவங்க கிட்டல்லாம் பெருமை அடிச்சுக்கறாரு, டாக்டர் பேச்சக் கேக்கறதுல என் பொண்டாட்டிய அடிச்சுக்க ஆளே கெடையாதுன்னு. கல்யாணம் ஆனதுலேருந்து அந்த மனுஷன் வாயிலேருந்து வந்த மொத நல்ல வார்த்தை அதுதான்.

மறுபடியும் மன்னிப்பா? எதுக்குன்னு சொல்லுங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சு, உங்க வாயாலயே சொல்லுங்க கேப்போம். என்னது, பூனையா? இன்னுமா பூனைங்கறீங்க? அது பிளாஸ்டிக் பை சார்! காத்துல பறந்து வந்த வெறும் பை. அதுக்குப் போயி, பின்னாடி வேன் வருது பாருங்கன்னு கண்ணாடியில காட்டினதுக்கு அப்புறமும், உசுரக் குடுத்து மிதிச்சீங்க. என் காலடியில ஒரு ரெண்டாவது பிரேக் இருக்கு தெரியுமில்ல, கத்துக்குடுக்கறவங்களுக்குன்னு தனியா வெச்சது? ஓட்டறவங்க காலு லேசா அசையறதப் பாத்தாலே என் காலு தானா அத அமுக்கிடும். பழகிப்போச்சு. எங்க வீட்டுக்காரரு வண்டியில போறப்பகூட வெறுந்தரைய மிதிச்சுக்கிட்டே வருவேன், அவரு கத்துவாரு. ஆக, நீங்களும் மிதிச்சீங்க, நானும் மிதிச்சேன். வண்டி ஆணி அடிச்ச மாதிரி நின்னுபோச்சு. வேன்காரன் என்ன பண்ணுவான் பாவம், வந்து சாத்திட்டான்.

நேராப் பாத்துக்கிட்டு இருந்திருந்தா வெறும் வலியோட போயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. நான் எங்க நேராப் பாத்தேன்? உங்க பக்கம் திரும்பிக் கத்திக்கிட்டு இருந்தேன். ஏன் கத்தினேன்? கியர மாத்துங்கன்னா மாத்த மாட்டீங்க, ஏன் மாத்தணும்னு கேப்பீங்க. இஞ்சின் உறுமுது, பின்னாடி ஹாரன் அடிக்கறான், இவருக்கு விளக்கம் வேணுமாம். பள்ளிக்கூடத்துல நீங்க ஹெட்மாஸ்டரா இருந்திருக்கலாம் சார். என் வண்டியில ஒண்ணாங்கிளாஸ்தான்.

சிரிக்காதீங்க. சிரிக்க வெக்கறதுக்குச் சொல்லல.

என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க. இனிமே வண்டியத் தொட மாட்டீங்களா? யாரக் கேட்டு முடிவு பண்ணீங்க? உங்க வீட்டம்மா கிட்ட சொல்லியாச்சா? சொல்லியிருக்க மாட்டீங்க, தெரியும். இத்தன வருஷமா அந்தம்மாதான ஓட்டினாங்க? நீங்க பக்கத்துல சொகுசா உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டே போயி பள்ளிக்கூட வாசல்ல எறங்கின ஆளு. அவங்களுக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சதும், கவலைப்படாத நான் கத்துக்கறேன்னு வீறாப்பா வந்து சேந்தீங்க. ஒரு இடி வாங்கினதும் வேணாமா? அப்ப அவங்க என்ன பண்றது? ஸ்டாப்புல நின்னுக்கிட்டு, இது எந்த பஸ்சு, இது எந்த பஸ்சுன்னு போறவங்க வர்றவங்களக் கெஞ்சணுமா?

பயமா? ஓகோ. ஸ்டீயரிங்க நெனச்சாலே கை வேர்க்குதாமா? நல்லாருக்கு நியாயம். உடம்புல ஒரு கீறல் இல்ல, பயமாம். அடிபட்டவ நான். என்னப் பாருங்க, நான் பாட்டுக்குத் துணி மடிக்கல?

ஆமா, மடிச்சதையேதான் பிரிச்சு மடிக்கறேன். அதுக்கென்ன இப்போ? ரோட்டப் பாருங்க பாருங்கன்னு கத்துவேன், பாக்க மாட்டீங்க. இதெல்லாம் மட்டும் நல்லாத் தெரியும் உங்க கண்ணுக்கு.

வேலைக்கா? திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாரு டிரைவிங் ஸ்கூல் ஓனரு. வண்டி ரிப்பேர் முடிஞ்சு வந்துடுச்சு. நேத்து சாயங்காலம் அவரே ஓட்டிக்கிட்டு வந்து கீழ நிறுத்திட்டு, சாவிய என் கையில திணிச்சுட்டுப் போறாரு. வந்தா சந்தோஷம்மா, முடியலன்னா ஆபீஸ்ல உக்காந்து போன் எடுங்க, அந்த சீட்டுக்கு நான் வேற ஆளு போட்டுக்கறேன்னாரு. நல்ல மனுஷன்தான், அதுக்காக? நான் போன் எடுத்தா ஸ்கூலு வெளங்குமா? என் வாய்க்கு ஒரு ஆளு வந்து சேர மாட்டாங்க. இது ரோட்டுல கத்தறதுக்குன்னே இருக்கற வாயி சார். இந்த ஊர்ல கார் ஓட்டற பொம்பளைங்கள்ல பாதிப் பேரு என் கிட்ட திட்டு வாங்கினவங்கதான். டாக்டரம்மா வாங்கியிருக்காங்க, வக்கீலம்மா அழுதே இருக்காங்க. அந்த சீட்டுல எவளோ ஒருத்தி உக்காருவாளாம், நான் ஹலோ ஹலோன்னுக்கிட்டு இருக்கணுமாம். செத்தே போயிடுவேன்.

கழுத்தெல்லாம் தாங்கும். வேலைக்குப் போகலாம்னு டாக்டரே சொல்லியாச்சு. இதோ, திரும்புது பாருங்க. அந்தப் பக்கம் கொஞ்சம் கம்மிதான். ஆனாலும் திரும்புதில்ல?

அப்புறம் என்னவா? ஏன் சார் எல்லாத்துக்கும் காரணம் கேட்டே உசுர வாங்கறீங்க?

அந்தக் கதவச் சாத்துங்க. எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு, காதுல விழும்.

நான் நடக்கறது டாக்டருக்காக இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்போ அவரு காரெடுக்கறேன்னாரு, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருன்னுட்டேன். தங்கச்சி டாக்ஸியோட வாசல்ல வந்து நின்னா, அவ கிட்டயும் அதே பொய். ஒரு நா மழையில தொப்பலா நனைஞ்சு போயிட்டு வந்தேன், அதையும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. அடிபட்ட அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து கார்ல கண்ண இறுக்க மூடிக்கிட்டு வீடு வந்து சேந்தேன். அதுக்கப்புறம் காரு, பஸ்சு, எதுலயும் ஏறல. இன்னிக்குக் காலையில யாரும் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி கீழ போயி என் பக்கத்துக் கதவத் தொறந்தேன். ஒரு கால உள்ள வெச்சேன். அந்த பிரேக் கண்ணுல பட்டுச்சு. ரெண்டு முழங்காலும் வெடவெடன்னு ஆடுது சார். கதவப் புடிச்சுக்கிட்டு நின்னேன், சாத்திட்டு மேல வந்துட்டேன். என்னால ஏற முடியல. வீட்ல யாருக்கும் தெரியாது.

பாவமாப் பாக்காதீங்க, எனக்கு ஆகாது. இது வெளிய போச்சுன்னா, நீங்க வண்டி ஓட்டற லட்சணத்தப் பூராவும் உங்க வீட்டம்மா கிட்ட வந்து சொல்லிடுவேன். எழுந்திரிங்க. எங்கயா? கீழதான். நீங்க உங்க சீட்டு, நான் என் சீட்டு. தெரு முனை வரைக்கும் போனாப் போதும். கை வேர்த்தா வேர்க்கட்டும், எனக்கும்தான் காலு ஆடும். ஏன், உங்களக் கூப்பிடாம வேற யாரக் கூப்பிடறது? நான் கத்துக்குடுத்ததுலயே படுமோசமா ஓட்டற ஆளு நீங்கதான் சார். உங்க பக்கத்துல உக்காந்துட்டேன்னா, அப்புறம் யாரு பக்கத்துல வேணும்னாலும் உக்காந்துடுவேன்.