தமிழில் இல்லாத ஏழு விதிகள்

எனக்கு எழுத்துப்பிழை பிடிக்காது. காரியாலயத்தில் யார் தமிழில் கடிதம் அடித்தாலும் என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். நான் யாழ்ப்பாணம். ஹட்டனுக்கு மாற்றலாகி வந்து பதினொரு வருடம். கட்டடங்களைப் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்பது என் பதவி என்றாலும், மொழிபெயர்ப்பும் என் மேசைக்குத்தான் வரும். நான் மறுத்ததில்லை.

றொசல்லைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது சிறு பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. வெள்ளைக்காரன் காலத்துச் சுவர். பிறகு போட்ட அஸ்பெஸ்டஸ் கூரை. கதவு, ஜன்னல், சுவரின் கீழ்ப்பாதி எல்லாம் பச்சைப் பெயிண்ட், ஒன்றின் மேல் ஒன்றாக ஆறேழு பூச்சு. நகத்தால் கீறினாலே உரியும். ஒரு துண்டைக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இருக்கக்கூடிய அளவைவிட முப்பது மடங்கு ஈயம் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் காரியாலயக் கோப்பில் போடவில்லை. என் மேசை லாச்சியில் வைத்தேன்.

இப்படியான கட்டடங்களில் வேலை செய்வதற்கு விதிகள் உண்டு. சிங்களத்தில் பதினான்கு, ஒரு தாளின் இரண்டு பக்கம். அவற்றைத் தமிழாக்கித் தொழிலாளருக்குக் கொடுக்க வேண்டும். முதலில் பதினான்கையும் எழுதினேன். நல்ல தமிழ். பிறகு வாசித்துப் பார்த்தேன். வேலை முடிந்து எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து எடுக்கும்வரை பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று ஒரு விதி. அப்படியானால் மூன்று கிழமை இடத்தை மூட வேண்டும். மூடினால் தாய்மாருக்குப் பேர் போகும். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அவர்களுக்காகத்தான் யோசித்தேன். திறப்புவிழாவுக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த நாளைக் கொடுத்தவனும் நான்தான்.

ஆகவே அந்த விதியை எடுத்தேன். அதை எடுத்த பிறகு மற்றவையும் நிற்கவில்லை. பெயிண்டை நனைத்துச் சுரண்டுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகாதீர்கள் என்றால் உடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். கேள்வி வராத ஏழு விதிகள் மிஞ்சின. சப்பாத்து போடுங்கள், ஏணியைச் சரியாகச் சாத்துங்கள், அப்படியானவை. ஒரே பக்கத்தில் அடங்கின.

வேலைக்கு ஐந்து பேர். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவன் அழகன். முப்பது வயதிருக்கும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று அந்தத் தாளை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியவன் அவன்தான். ஏழில் ஒன்றைக்கூட அவன் மீறவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துக்கொண்டு அடுத்த அறையைச் சுரண்டினார்கள். காய்ந்த பெயிண்ட் மாவாகப் பறந்தது. இரண்டாம் நாள் அழகன் என்னிடம் வந்தான். புருவமெல்லாம் பச்சை.

"ஐயா, இந்தத் தூசி புள்ளைகளுக்கு ஒன்னும் செய்யாதுங்களா?"

"தாளிலை அப்பிடி ஏதும் கிடக்கோ?"

"இல்லீங்க."

"அப்ப பிறகென்ன."

அவன் வேலைக்குத் திரும்பினான். நான் அவனிடம் பொய் சொல்லவில்லை என்பதையும் இந்த வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூரையிலிருந்து இறக்கிய அஸ்பெஸ்டஸ் சீட்டுகளைப் பொலிதீனில் சுற்றிப் புதைத்திருக்க வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் கோழிக்கூட்டுக்கும் குசினிக்கும் கேட்டார்கள். கொடுத்தேன். எல்லாரும் கும்பிட்டார்கள். அஸ்பெஸ்டஸ் நெஞ்சுக்குள் போய் நோயாக வெளியே வர இருபது முப்பது வருடம் எடுக்கும். அதற்குள் நான் ஓய்வு பெற்றிருப்பேன். ஈயம் அவ்வளவு பொறுமையானதல்ல.

அழகனின் மகள் லக்சிகாவுக்கு இரண்டரை வயது. பகல் முழுக்கப் பிள்ளைக்காம்பராவில் இருப்பாள். பின்னேரம் அவன் வேலை முடிந்த கையோடு அவளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போவான். அவள் அவன் தோளில் முகத்தைத் தேய்ப்பாள், சட்டைக் கொலரைச் சப்புவாள். நான் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

திறப்புவிழா குறித்த நாளிலேயே நடந்தது. ஆறு கிழமை கழித்து லக்சிகா சாப்பிட மறுத்தாள். பிறகு வயிற்றுவலி, வாந்தி. வந்த பேச்சும் குறைந்தது. பிறகு வலிப்பு.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த வைத்தியர் ஓர் இளம் பெண், கெட்டிக்காரி. காரியாலயத்துக்கே தொலைபேசி எடுத்தார். அங்கே பழைய பெயிண்ட் ஏதும் சுரண்டப்பட்டதா என்று சிங்களத்தில் கேட்டார். கொழும்புக் கடிதம் இருந்த லாச்சி என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இல்லை, மேலே புதிதாக அடித்தது மட்டும்தான் என்றேன். அவர் நன்றி சொல்லி வைத்தார். வலிப்புக்கு மருந்து கொடுத்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் மறுபடியும் அதே அறைக்கு வந்தாள். இன்னும் இரண்டு மாதம் வந்தாள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சர்மிளாதான் கண்டுபிடித்தாள். அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கழற்றிக்கொண்டு வந்து, தமிழ்த் தாளுக்குப் பக்கத்தில் என் மேசையில் வைத்தாள்.

"சேர், சிங்களத்துல பதினாலு இருக்கு. தமிழ்ல ஏழுதான் இருக்கு. மிச்சம் எங்க சேர்?"

"சுருக்கிப் போட்டது பிள்ளை. உங்களுக்கு விளங்கவேணும் எண்டு."

"எங்களுக்கு விளங்கும் சேர். அழகன் அண்ணன் ஒன்னொன்னா பாத்துப் பாத்து செஞ்சாரு. எழுதியிருந்தா அதையும் செஞ்சிருப்பாரு."

குரலை உயர்த்தவில்லை. இரண்டு தாளையும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொல்லித்தான் பிள்ளையைக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரத்தத்தில் ஈயம் பார்த்தார்கள். லக்சிகா இப்போது நடக்கிறாள். பேசுவதில்லை. மற்றப் பிள்ளைகளில் பதினொரு பேரின் இரத்தத்திலும் இருக்கிறதாம்.

அழகன் என்னைத் தேடி வரவில்லை. வேலைக்குப் போட்டிருந்த சட்டையை எரித்துவிட்டு, "நான்தான் வூட்டுக்குக் கொண்டுவந்தேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். அதை நான் திருத்தப் போகவில்லை.

ஏழு விதிகளையும் வெட்டியவன் நான். என்ன வெட்டுகிறேன் என்று தெரிந்தே வெட்டினேன். வைத்தியரிடம் இல்லை என்று சொன்னதும் தெரிந்தே. இதற்குக் கீழே கையெழுத்து வைக்கிறேன்.

கடைசியாக என் மகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவளுக்கு நான்கு வயது. நான் தினமும் அந்தத் தோட்டத்துக்குப் போய்வந்த மூன்று கிழமையும் அவளையும் மனைவியையும் யாழ்ப்பாணத்தில் மச்சாள் வீட்டில் விட்டிருந்தேன். குளிர் என்பதால்தான் அனுப்பினேன். அது சித்திரை மாதம் என்று நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் இங்கே காலையில் குளிர்தான். பிள்ளைக்குச் சளி பிடித்துவிடும்.