காற்றுக்குச் சான்றிதழ்

— வாசல்ல கட்டுன வேப்பிலையை ஏன் புடுங்கிப் போட்டீங்க, தெய்வசிகாமணி சார்? எம்பொண்ணுக்கு அம்மா வார்த்திருக்குது. இன்னும் தண்ணிகூட ஊத்தல. அதுக்குள்ள அவளைத் தூக்கிப் பக்கத்துக் கொட்டாய்ல போட்டுட்டீங்க.

— நாளைக்கு இந்தக் கொட்டாய்க் காத்து சுத்தம்னு சர்டிபிகேட்டு குடுக்கற விழா. பெரிய ஆபீசருங்க வர்றாங்க, கொளஞ்சியம்மா. போட்டோவுல வேப்பிலை தெரிஞ்சா எங்க கம்பெனி கிருமி கொல்ற ஸ்ப்ரேவுக்கு என்ன மரியாதை? அம்மா, ஆத்தான்னு சொல்லாத. தட்டம்மை. வைரஸ். இருமுனா காத்துல மெதக்கும்.

— என்னமோ சார். வேப்பிலையைப் பாத்தா வேத்தாளு ஒருத்தரும் உள்ள கால் வெக்க மாட்டாங்க.

— இனிமே வெக்கலாம். இப்பதான் உன் கொட்டாய்ல ஸ்ப்ரே அடிச்சிட்டு வர்றேன். தொண்ணூத்தொம்போது பர்சன்ட் காலி. மல்லிப்பூ வாசனை வேற.

— செத்துப்போச்சுன்னு எப்பிடி சார் தெரியும்?

— மிஷின் வெச்சுக் காத்தை உறிஞ்சி எடுத்திருக்கு. மெட்ராஸ் லேப்புல பாத்துச் சொல்ல ஒரு வாரம் ஆவும்.

— சர்டிபிகேட்டு மட்டும் கண்ணாடி போட்டு ரெடியா இருக்குது?

— விழாவுன்னா அப்பிடித்தாம்மா. சரி, உன் சின்னவனைக் கூட்டியா. அம்மை வராத புள்ளைங்க நாலு பேரு இன்னிக்கு உள்ள படுக்கணும். ஒருத்தருக்கும் வரலன்னா மருந்து பாஸ்.

— வந்துட்டா?

— வராதுங்கறேன்.

— சார், சுனாமிக்கு எம்புருசனைக் குடுத்துட்டுதான் இந்தத் தகரக் கொட்டாய்க்கு வந்தேன். பெரியவ கண்ணே தொறக்கல. சின்னவன் ஒருத்தன்தான் முழுசா நிக்கறான். அவனைத் தர மாட்டேன்.

— அப்ப கொட்டகையைக் காலி பண்ணிட்டு உப்பள வரப்புல போய்ப் படு. ஒத்துழைக்கலன்னு ஒரு வரி எழுதுனா போதும்.

— அவ்ளோ நம்பிக்கைன்னா உங்க பாப்பாவைப் படுக்க வையுங்களேன். பாண்டிச்சேரி சுத்திக்காட்டத்தான வூட்டுக்காரம்மாவையும் கார்ல கூட்டியாந்திருக்கீங்க?

— ஏம்மா, அறிவிருக்குதா? அதுக்கு ஏழு மாசம். அம்மை ஊசி போடுற வயசே வரல. காரை விட்டு எறங்கவே கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

— கார் அங்க அனல்ல நிக்குது. கதவு தொறந்து கெடக்குது, சார். உள்ள ஆளக் காணோம்.

— நெழல் தேடிப் போயிருப்பா. கொழந்தை பாலுக்கு அழுதிருக்கும்.

— இப்பவும் அழுவுது. கேக்கலியா? நீங்க மருந்தடிச்ச கொட்டாய்லேர்ந்து வருது. வாசல்ல உங்க வூட்டுக்காரம்மா செருப்பு.

— ஐயோ! உள்ளயா போனா? எழுந்து வெளிய வாடி! ஏம்மா கொளஞ்சி, உள்ள போகக்கூடாதுன்னு வாசல்ல ஒரு அடையாளம்கூடவா வெக்க மாட்டீங்க?