அக்குள் மறைக்கிற கவசம்

— கதவைத் திறக்காதீங்க! படியில அந்த சிவராஜ் இருமுற சத்தம்.

— திறக்காட்டிதான் சந்தேகம் வரும், மிஸ்பா. நம்ம லைனுக்கு அவர்தானே வார்டு ஆபீஸ் ஆளு.

— யா அல்லா, கீழ்மாடி பாலா வீட்டுக்கும் இப்படித்தான் சும்மா பேச வந்தான். மறுநாளே பட்டாள லாரி வந்து பாலாவைப் பிடிச்சுட்டுப் போயிருச்சு. இந்தத் தோள்கவசத்தையெல்லாம் கட்டிலுக்கடியில தள்ளுங்க.

— தள்ளினா இன்னும் வம்பு. தாமுவே பேட்டையில இருக்கிற போட்டோ ஸ்டூடியோவுக்கு ராஜா வேஷம் செய்யறேன்னு உள்ளதைச் சொல்லிருவோம்.

— என்ன நிஹால், புருஷனும் பொஞ்சாதியும் ஒரே குசுகுசு? பசை வாடை தெரு வரைக்கும் தூக்குது.

— வாங்க சிவராஜ் அண்ணே, உக்காருங்க. மிஸ்பா, டீ போடு.

— டீ கிடக்கட்டும். இது என்ன, சண்டைச் சாமானா?

— ஐயோ, இல்லண்ணே! வேஷத்துக்கு. செருப்பு ரப்பர்ல வெட்டி வெள்ளிப் பெயிண்ட் அடிச்சது. நகத்தால அமுக்குங்க, பள்ளம் விழும்.

— ரெண்டு தினுசா இருக்கே. ஏன்?

— ஒண்ணு சின்னது, ஒண்ணு பெரிசு. அவ்வளவுதாங்க.

— உன்னைக் கேக்கல தங்கச்சி. நிஹால், நீ சொல்லு. மறைக்காம சொல்லு.

— இந்தச் சின்னது தோள் மூட்டுக்கு மட்டும், தொப்பி மாதிரி. மீன் செதில் கணக்கா பட்டை பட்டையா இருக்கும். கையைத் தாராளமா வீசலாம். ஆனா தூக்கினா அக்குள் தெரியும்.

— பெரிசு?

— அது முன்னாடி நெஞ்சுக்கும் பின்னாடி முதுகுக்கும் இறங்கும். அக்குளையும் மூடிரும். கனம் ஜாஸ்தி. கையை முழுசாத் தூக்க முடியாது.

— சின்னதை என் தோள்ல மாட்டு, பாப்போம். ம்... துப்பாக்கி பிடிக்கக் கையைத் தூக்கித்தானே ஆகணும்? அப்ப இந்த இடத்துல குண்டு பாஞ்சா?

— குண்டா? எனக்கு அதெல்லாம்...

— ஏங்க, வாயைக் கொடுக்காதீங்க!

— பாஞ்சா என்ன ஆகும்னு கேட்டேன்.

— நேரா நெஞ்சுக்குள்ள போயிரும்ண்ணே.

— அப்ப பெரிசுதான் உசிரைக் காக்கும்.

— ரப்பர்ண்ணே இது! ஊசியைக்கூடத் தடுக்காது. அந்தக் காலத்து ராஜாக்கள் வாளுக்கும் அம்புக்கும் பயந்து போட்டது. சத்தியமா நான் எந்தப் போராளிக்கும் செஞ்சு...

— தங்கச்சி, கதவைச் சாத்து. தாழ்ப்பாளும் போடு.

— அண்ணே, எங்களுக்குக் கைப்பிள்ளை இருக்கு. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், எங்களைக் காட்டிக் கொடுத்துராதீங்க!

— மெதுவா பேசும்மா, அடுத்த வீட்டுக்குக் கேட்டுரும். நிஹால், அந்தப் பெரிசை இரும்புல அடிச்சுத் தருவியா? சட்டைக்குள்ள மறைவாப் போடற மாதிரி. எம் மவனையும் கட்டாயமாப் பட்டாளத்துக்கு எடுத்துட்டாங்கப்பா. வெள்ளிக்கிழமை நானே மிங்கலாடோன் பட்டாள முகாமுக்குக் கொண்டுபோய் விடணும்.