கோபம் வந்தால் வெளியே போ

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங் கிடைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும், சார். சுற்றிச் சுற்றி வந்து காரை நிறுத்திவிட்டு நான் போய் உட்கார்ந்தது ஒரு தன்முனைப்பு வகுப்பில், மோட்டிவேஷன் என்கிறார்களே, அதில்.

மேடையில் கமலநாதன் என்றொரு பேச்சாளர். அந்த வெயிலுக்குக் கோட்டு. 'நான் புதிய மனிதன்' என்று எல்லாரையும் எழுந்து நின்று கத்தச் சொன்னார். என் பக்கத்து நாற்காலி அங்கிள் கத்திவிட்டு இருமினார். புதிய மனிதனுக்கும் பழைய இருமல்தான்.

என்னை அங்கே அனுப்பியது என் மனைவி மாதவி. எனக்கு ஒரு சின்னப் பழக்கம். கோபம் வந்தால் கை நீண்டுவிடும். சுங்கை வேயில் எங்கள் வரிசை வீடுகளில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அவளைத் தவிர.

"இதான் கடைசிங்க. மாறலன்னா செமினிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். வெளையாட்டு இல்ல லா," என்றாள்.

கமலநாதனின் வைத்தியம் இவ்வளவுதான்: கோபம் வந்தால் வாயைத் திறக்காதே, வெளியே போ, போனை அடக்கிவை, மூச்சை எண்ணு, மனம் ஆறியதும் திரும்பு. இதைச் சொல்ல ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு கைதட்டல். இருந்தாலும் நான் நியாயமானவன். சோதித்துப் பார்க்காமல் எதையும் பொய் என்று சொல்லமாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானமே சந்தர்ப்பம் வந்தது. என் வேலைச் சட்டை துவைக்காமல் கிடந்தது. ஏன் என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாக. அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு, துணிமூட்டையோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்துவிட்டாள்.

எனக்குக் கை பரபரத்தது. அப்போதுதான் அந்தக் கோட்டு ஞாபகம் வந்தது. கையை இறக்கினேன். கைப்பையை மட்டும் பிடுங்கிக்கொண்டேன். அவளுடைய சாவி அதில்தான் இருக்கும். வெளியே வந்து கிரில் கதவை இழுத்துப் பூட்டினேன். நம் ஊரில் யார்தான் கிரிலைப் பூட்டாமல் வெளியே போகிறார்கள்?

கையில் போனோடு கம்பிக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, எனக்கு இழுக்குது. இன்ஹேலர் பைக்குள்ள இருக்கு. பையை மட்டும் குடுத்திட்டுப் போங்க."

ஆஸ்துமா. பதறினால் வந்துவிடும்.

பக்கத்து வீட்டு இராஜம்மா ஆன்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "டேய் முகுந்தா, அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருடா! தொறந்து விடு!"

நான் வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் சொன்னது அப்படி.

பாசார் சந்தை முனையில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று சொன்னேன். போன் சத்தமில்லாமல் மின்னி மின்னி அணைந்தது. அவள் பெயர், ஆன்டி பெயர், மறுபடி அவள் பெயர். பையைத் திறந்தேன். இன்ஹேலர் மேலேயே கிடந்தது. பையை மூடினேன். பிறகு கண்ணையும் மூடி மூச்சை எண்ணினேன். நம்பமாட்டீர்கள், மனம் உண்மையிலேயே ஆறியது. ஒரு ரொட்டி சானாயும் சாப்பிட்டேன்.

திரும்பியபோது தீயணைப்புக்காரர்கள் பூட்டை அறுத்திருந்தார்கள். நல்ல பூட்டு, அவர்களுக்கே நேரம் பிடித்ததாம். மாதவி கம்பியைப் பிடித்த மேனிக்கு வாசலிலேயே போய்விட்டிருந்தாள். ஆன்டி என்னைப் பார்த்துக் காறித் துப்பினார்.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பூட்டியது நான். பையைக் கொடுக்காததும் நான், தெரிந்தேதான். ஆனால் உடம்பில் புதுக் காயம் ஒன்றுகூட இல்லை என்று டாக்டரே சொன்னாராமே, அதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், அவள் என்னிடம் அடிவாங்காத முதல் சண்டை சார் அது.