எஞ்சினுக்குப் பூசிய வெள்ளி

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பின்னேர பஸ். வெளியே வயல்கள் மஞ்சள் வெயிலில் மிதந்துகொண்டிருந்தன. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும்.

“பூச்சுக் காயாம கார் எஞ்சினத் தொடப்படாது புள்ள. அதான் பஸ்ஸில வாறம்.”

“பொனட்ட மூடினா எஞ்சின ஆரு பாக்கிற?”

“நான் பாப்பன். எஞ்சின் புளொக்க முகம் தெரியுற அளவுக்குத் தேய்ச்சு வெள்ளிப் பெயின்ட் அடிச்சிரிக்கன். பொனட்டத் திறந்தா, உள்ளுக்க நிலா படுத்துக் கிடக்கிற மாதிரி இரிக்கி.”

“காஞ்சா ஓடலாம்தானே?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஓடினாச் சூடாகும். சூடானா நிறம் மங்கிரும்.”

கடற்காற்று அவள் முக்காட்டை இழுத்தது. பஸ் ஒலுவிலைத் தாண்டியபோது அவள் அதைச் சரிசெய்தபடி சொன்னாள்.

“பாலமுனையில எங்கட உம்மா வாசல் கடப்படியில நிப்பா. கார்ல வாறம் எண்டு சொல்லியனுப்பிட்டன்.”

மஃரிப் தொழுகை நெருங்கிக்கொண்டிருந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழுச் செய்ய நகம் சுத்தமாக இருக்க வேண்டும். அவர் தன் நகங்களில் ஒட்டியிருந்த வெள்ளியைச் சுரண்டத் தொடங்கினார். அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“உம்மா பாத்த பிறகு சுரண்டுங்க. நாம கார் வாங்கினது உண்மையெண்டு அவ நம்போணும்.”