நடுங்காத எஞ்சின்

“அந்தக் கார் கொஞ்சமும் நடுங்கேல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை,” என்றார் எனக்கு முன் இருக்கையிலிருந்தவர். வல்வெட்டித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ். அவருடைய கைகளெல்லாம் வெல்டிங் பொறி சுட்ட தழும்புகள். பக்கத்தில் அவருடைய சிநேகிதர்.

“எந்தக் கார்?”

“என்ரை மச்சான்ரை பழைய இங்கிலிசுக் கார். அதுக்கு ஜப்பான் எஞ்சின் மாத்தினவன். அந்த எஞ்சினைச் சட்டத்திலை இருத்திறதுக்குப் புது மவுண்ட் செய்யவேணும். நான் ஒருத்தன் இருக்க, அரியாலையிலை ஆரோ ஒருத்தனைக் கொண்டு செய்விச்சிருக்கிறான்.”

“வேலை எப்பிடி?”

“குனிஞ்சு பாத்தனான். ஒட்டு எங்கை எண்டே தெரியேல்லை. வயிறு பத்தி எரிஞ்சுது.”

“மச்சானுக்கு என்ன சொன்னனீ?”

“மவுண்ட் பிழை, ஒருநாளைக்கு எஞ்சின் கழண்டு றோட்டிலை விழும் எண்டு சொல்லிப்போட்டன். பயந்துபோனான். நாளைக்குக் காரை என்னட்டைக் கொண்டு வாறான்.”

சிநேகிதர் சிரிக்கவில்லை. “மவுண்டைக் கழட்டிப்போட்டு என்ன செய்யப் போறாய்?”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

“துடைச்சுப்போட்டு அதையே திருப்பிப் பூட்டுவன். அதைவிடத் திறமா எனக்குச் செய்யத் தெரியாது.”